மனசு விட்டுப்போச்சா, மனச்சோர்வு நோயா? டயாலிசிஸில் இருப்பவருக்கு எந்த உதவி சரி

நீண்ட நாள் நோயில் இருப்பவர் "போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் தொடங்கி ஐந்தாவது மாதம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு வியாழக்கிழமை காலையில் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவர், ஆட்டோ வந்து நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. "போதும் பாப்பா. இன்னும் என்ன இருக்கு இதுல?" என்றார்.

அத்தை சொன்னார்: "உடம்பு இப்படிக் கிடந்தா யாருக்குத்தான் மனசு நல்லா இருக்கும்? இதுக்குப் போய் மாத்திரையா? ஏற்கெனவே கைப்பிடி மாத்திரை முழுங்குறான்." சித்தப்பா மகன் சொன்னான்: "அக்கா, இது டிப்ரஷன். மனநல டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை ஆரம்பிச்சுடலாம். தள்ளிப்போட்டா ஆபத்து."

இரண்டு பேரும் அக்கறையில்தான் பேசினார்கள். நான் மருத்துவர் இல்லை. கூட இருந்து பார்த்தவள். இரண்டு வருடம் டயாலிசிஸ் அறைக்கு அவரோடு போய்வந்ததிலும், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்ததிலும் ஒன்று தெரிந்தது. அத்தை சொன்னது ஒரு சமயம் சரியாக இருந்தது, தம்பி சொன்னது இன்னொரு சமயம் சரியாக இருந்தது. எது எப்போது என்று பிரித்துப் பார்க்காமல் மாத்திரையா, பேச்சா, பொறுத்திருப்பதா என்று வாதாடுவதில் பயனில்லை. அதனால் முதலில் அந்தப் பிரித்துப் பார்க்கிற வேலை.

இரண்டு விதமான இருட்டு

"மனசு விட்டுப்போச்சு" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். டாக்டர்கள் டீமாரலைசேஷன் என்று அழைப்பதும் கிட்டத்தட்ட அதைத்தான். டிப்ரஷன் என்னும் மனச்சோர்வு நோய் வேறு. இரண்டிலும் ஆள் அழலாம், தூங்காமல் கிடக்கலாம், சாவைப் பற்றிப் பேசலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் ஃபிராங்க். இரண்டாம் உலகப் போரின்போது பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, நத்தைகள் வழியாகப் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் வந்தது. அவர்களைப் பற்றி அவர் 1946-இல் எழுதினார். நோயின் உபாதையோடு, இது எப்போது சரியாகும், பின்னால் என்ன ஆகும் என்று யாரும் தெளிவாகச் சொல்லாததும் ஆளுக்கொன்று சொன்னதும் அவர்களை உள்ளே உடைத்துப்போட்டது என்பது அதன் சாரம். டயாலிசிஸ் அறையின் வெளி பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் என்கிறார், ஒருவர் இந்த வயதில் எதற்கு என்கிறார், சொந்தக்காரர் ஒருவர் போனில் மூக்கிரட்டைக் கீரை என்கிறார். படுக்கையில் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கிறார்.

பிறகு 2001-இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் டேவிட் கிஸேனும் உடனிருந்தவர்களும் இதைத் தனி நிலையாகவே பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 2004-இல் இதை அளக்க 24 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலும் வந்தது. புற்றுநோயிலோ முற்றிவரும் வேறு நோய்களிலோ இருப்பவர்களில் 13 முதல் 18 சதவீதம் பேருக்கு இது கவனிக்கவேண்டிய அளவில் இருக்கிறது என்று 2015-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது.

வித்தியாசம் எங்கே தெரியும்? எனக்கு மிகவும் உதவியது இன்பத்தைப் பற்றிய ஒரு குறிப்பு. மனச்சோர்வு நோயில் இன்பமே வற்றிப்போகும். நாளைக்கு நடக்கப்போகும் நல்லதை நினைத்தும் சந்தோஷம் வராது, கண்ணெதிரே நடந்தாலும் வராது. மனசு விட்டுப்போனவருக்கு நாளை என்பதுதான் மூடிக்கிடக்கும். இந்த நிமிஷத்துச் சந்தோஷம் அவருக்கு இன்னும் எட்டும். பேத்தி ஓடிவந்து மடியில் விழுந்தால் சிரிப்பார். அடுத்த மாதம் அவள் பள்ளியில் ஆண்டுவிழா என்றால் முகம் மூடிக்கொள்ளும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மனச்சோர்வில் இருப்பவருக்கு என்ன செய்யவேண்டும் என்று பெரும்பாலும் தெரியும். எழுந்து செய்யும் விசை இருக்காது. மனசு விட்டுப்போனவருக்கு விசை மிச்சமிருக்கும், எந்தப் பக்கம் போவது என்றுதான் தெரியாது. அதோடு மனச்சோர்வில் குற்றவுணர்வு வந்து உட்காரும். "நான் எல்லாருக்கும் பாரம், நான் செஞ்ச பாவம்" என்று திரும்பத் திரும்ப அதிலேயே உழல்வார்கள்.

தூக்கம், பசி, களைப்பு இவற்றை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. சிறுநீரக நோயாளிக்கு அதெல்லாம் நோயினாலேயே வரும். ரத்தத்தில் கழிவு சேர்ந்தால் பசி போகும், கால் குறுகுறுப்பும் அரிப்பும் தூக்கத்தைக் கெடுக்கும், மிஷினிலிருந்து இறங்கிய அன்று முழுக்க உடம்பு துவண்டு கிடக்கும். புற்றுநோயாளிகளைப் பொறுத்தவரை இதே சிக்கலுக்கு 1984-இல் ஜீன் எண்டிகாட் ஒரு வழி சொன்னார். உடம்பு சார்ந்த குறிகளுக்குப் பதிலாக வேறு குறிகளைப் பாருங்கள்: அழுத முகம், ஆட்களிடமிருந்து ஒதுங்குவது, தன்னிரக்கத்தில் மூழ்குவது, எதைச் சொன்னாலும் முகம் மலராமல் இருப்பது. இந்தக் கடைசிக் குறியை வீட்டில் இருப்பவர்களால்தான் சரியாகப் பார்க்க முடியும். பத்து நிமிடம் பார்க்கிற டாக்டருக்கு அது கிடைக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனசு விட்டுப்போவது நோய் இல்லை, ஆகவே தானாகச் சரியாகிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். மனச்சோர்வு நோய் இல்லாமலேயே, மனசு விட்டுப்போன நிலை மட்டும் ஒருவரைச் சாவை விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதைக் கிஸேனும் மற்றவர்களும் அழுத்திச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

பொறுத்திருந்து பார்ப்பது

அத்தையின் கட்சி இது. தப்பு என்று சொல்லமாட்டேன். புதிதாக நோய் தெரிந்த முதல் சில வாரங்களில் கலங்காதவர் யார்? ஆனால் பொறுத்திருக்கும் காலத்தில் உடம்பைச் சரிபார்த்துவிட வேண்டும். ரத்த அளவு குறைந்திருக்கிறதா, தைராய்டு, பி12 எப்படி, வலிக்கு ஒழுங்காக மருந்து போகிறதா, டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா, ஸ்டீராய்டு போல மனநிலையை மாற்றும் மருந்து ஏதாவது ஓடுகிறதா? திடீரென்று ஒரே நாளில் ஆள் மந்தமாகி, பேச்சு குழறி, நேரம் காலம் தெரியாமல் கிடந்தால் அது மனச்சோர்வே இல்லாமல் இருக்கலாம். தொற்றோ ரத்தத்தில் சோடியம் உப்புக் குறைவோ மூளையைக் குழப்பியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொறுத்திருப்பதற்கு ஒரு தேதி வேண்டும். இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம். தேதி வைக்காவிட்டால் அதற்குப் பெயர் கைவிடுவது. சாவைப் பற்றிப் பேச்சு வந்திருந்தால் இந்த வழியே கிடையாது.

மாத்திரை

மாத்திரையை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. உடல்நோயோடு வரும் மனச்சோர்வில் மாத்திரையின் கதை ஒரே மாதிரி இல்லை.

மாரடைப்போ தீவிர நெஞ்சுவலியோ வந்து, மனச்சோர்வும் இருந்த 369 பேருக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது. இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்தது. பலன் யாருக்கு நன்றாகத் தெரிந்தது என்றால், சோர்வு கடுமையாக இருந்தவர்களுக்கும் முன்பே வந்து போனவர்களுக்கும்தான். இதயம் பலவீனமான 469 பேரிடம் அதே மருந்தைச் சோதித்த 2010 ஆய்வில், மருந்து எடுத்தவர்களும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களும் ஒரே அளவுக்கு மேலேறினார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் நர்ஸ் ஒருவர் தொடர்ந்து ஆதரவாக இருந்தார். அந்த நர்ஸின் பங்கு எவ்வளவு என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

சிறுநீரகத்துக்கு வருவோம். டயாலிசிஸ் நிலையை இன்னும் எட்டாத, நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 201 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. செர்ட்ராலின் வெறும் மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. குமட்டலும் வயிற்றுப்போக்கும்தான் கூடுதல். டயாலிசிஸில் இருப்பவர்களைப் பற்றி 2019-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது ஆஸெண்ட் ஆய்வு. 120 பேரில் பாதிக்கு செர்ட்ராலின். மீதிப் பேருக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சு சிகிச்சை, அதுவும் டயாலிசிஸ் நாற்காலியிலேயே. 12 வாரத்தில் மருந்துப் பக்கம் சற்று மேலே நின்றது. வித்தியாசம் பெரிதல்ல, பக்கவிளைவுகளும் மருந்துப் பக்கமே அதிகம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். இருப்பது உண்மையில் மனச்சோர்வு நோய் என்றால், அதுவும் கடுமையாக இருந்தால், மாத்திரைக்குத் தயங்கக்கூடாது. லேசாக இருந்தாலோ, மனசு விட்டுப்போனது மட்டும் என்றாலோ, மாத்திரையை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. எதிர்காலம் தெரியாத தவிப்பை எந்த மாத்திரையும் விளக்கிச் சொல்லாது.

எந்த மாத்திரை என்பது டாக்டர் வேலை. ஆனால் மனநல டாக்டரிடம் டயாலிசிஸ் ஃபைலையும், சிறுநீரக டாக்டரிடம் மனநல மருந்துச் சீட்டையும் காட்டுவது நம் வேலை. செர்ட்ராலின் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைச் சற்றுக் கூட்டலாம்; டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் போகிறது, பலருக்கு ஆஸ்பிரினும் உண்டு. வயதானவர்களுக்கு உப்பு அளவு இறங்கலாம். சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் இரண்டும் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியவை. டயாலிசிஸ் நோயாளிகளில் அவற்றைத் தொடங்கியவர்களுக்கு, செர்ட்ராலின் போன்றவற்றைத் தொடங்கியவர்களைவிடத் திடீர் இதய மரணம் சற்று அதிகம் என்று 2019-இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. டுலோக்ஸெடின் சிறுநீரகம் மிகவும் கெட்டுப்போனவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்துக் குமட்டலைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம், மெடிக்கல் கடையில் "தூக்கம் வரல" என்று சொல்லி வாங்கிப் போடும் அல்பிரசோலம் மனச்சோர்வுக்கு மருந்தே இல்லை. அது பழகிவிடும், ஆளைத் தள்ளாடவைத்துக் கீழேயும் விழவைக்கும்.

பேச்சு: எந்தப் பேச்சு?

இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். நம் ஊரில் பேச்சு என்றாலே "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்பதுதான். சித்தப்பாவிடம் அதை ஐம்பது பேர் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவர் தலையாட்டுவார். சொன்னவர் போனதும் முன்பைவிடத் தனியாக இருப்பார்.

மனசு விட்டுப்போனவரோடு எப்படிப் பேசுவது என்று ஜேம்ஸ் கிரிஃபித், லின் கேபி என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2005-இல் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில், குறைந்த நேரத்தில் செய்யக்கூடியது. நோய் ஒருவரை எந்தெந்த இடத்தில் சாய்க்கிறது என்று அவர்கள் பார்க்கிறார்கள். குழப்பம், தனிமை, நம்பிக்கையின்மை, கையாலாகாத உணர்வு, வாழ்வுக்கு அர்த்தம் இல்லாத வெறுமை, பயத்தில் ஒடுங்குவது, மனக்கசப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. குழப்பத்துக்குத் தெளிவு, தனிமைக்கு உறவு, கையாலாகாமைக்குத் தன் கையில் இருக்கும் ஒரு காரியம். ஆறுதல் சொல்வதற்குப் பதிலாக, அந்த எதிர்ப்பக்கத்தை நோக்கி அவரைத் திருப்பும் கேள்வியைக் கேட்க வேண்டும். பதில் அவரிடமிருந்து வரவேண்டும்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நாங்கள் ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்தோம். அந்த வியாழன் மாலையே பக்கத்து வீட்டு அக்கா கழுத்து கோணலாகத் தைத்த ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியதும், சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "யாரு தச்சது இது?" என்று சிரித்ததை ஆலோசகரிடம் சொன்னேன். சித்தப்பா தையல்காரர். முப்பது வருடம் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தவர். ஆலோசகர் அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொண்டார். மாத்திரை இப்போது வேண்டாம், ஆறு வாரம் பேசிப் பார்ப்போம், அதற்குள் மோசமானால் உடனே மனநல டாக்டர் என்று முடிவானது.

அவர் கேட்ட கேள்விகள் எளிமையானவை. இந்த வியாதியில உங்களுக்குப் புரியாம இருக்கிறது எது? ரொம்பக் கஷ்டமான நாள்ல எது உங்களை எழுந்து வர வைக்குது? யார்கிட்ட மனசு விட்டுப் பேச முடியுது? விட்டுப்போவதற்கும் விட்டுப் பேசுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

முதல் கேள்விக்கு வந்த பதில் எங்கள் எல்லோரையும் உலுக்கியது. இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன் செய்தபோது, "இந்தக் கையை வச்சு எதுவும் செய்யக்கூடாது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கை இனி அவ்வளவுதான், துணியைப் பிடிக்கவே முடியாது என்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடையைப் பூட்டியது டயாலிசிஸுக்காக என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அடுத்த டயாலிசிஸின்போது சிஸ்டரிடம் கேட்டோம். அதிக எடை தூக்கக்கூடாது, அந்தக் கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ விடக்கூடாது, இறுக்கமான சட்டைக்கை ஆகாது, அதன்மேல் சாய்ந்து தூங்கக்கூடாது. ஆறிய கையால் சாதாரண வேலை தாராளமாகச் செய்யலாம் என்றார். இரண்டு நிமிடப் பேச்சு. அது முன்பே நடந்திருக்கலாம்.

மிஷின் இல்லாத நாட்களில் வீட்டிலேயே துணி வெட்ட ஆரம்பித்தார். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்ற கட்டுப்பாடு அப்படியே இருந்தது, களைப்பும் இருந்தது. ஆனால் ஆட்டோ வந்தால் எழுந்தார்.

பேச்சில் வேறு வழிகளும் உண்டு. கனடாவின் வின்னிபெக்கில் ஹார்வி சோச்சினோவ் உருவாக்கிய கண்ணிய சிகிச்சையில், இறுதிக்கட்டத்தில் இருப்பவரிடம் வாழ்வில் எது முக்கியமாக இருந்தது, யாரிடம் என்ன சொல்ல ஆசை என்று கேட்டுப் பதிவு செய்து, எழுத்தாக்கி, குடும்பத்திடம் கொடுக்கிறார்கள். 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் மனவேதனை அளவுகளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை; ஆனால் தங்களுக்கு உதவியது, கண்ணியம் கூடியது என்று நோயாளிகள் அதிகம் சொன்னார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் வில்லியம் பிரைட்பார்ட், விக்டர் ஃபிராங்கலின் சிந்தனையை அடியாகக் கொண்டு, வாழ்வின் அர்த்தத்தைத் தேடும் சிகிச்சையை எட்டு அமர்வுகளாக வகுத்தார். இவற்றைப் பயின்றவர்கள் நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடைக்கமாட்டார்கள். ஆனால் ஒரு பெரியவரிடம் அவருடைய கதையைக் கேட்டு எழுதிவைக்கும் வேலையைப் பேரன் பேத்திகளே செய்யலாம். அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்கத் தேவையில்லை.

அதே கேள்விகள் வேலை செய்யாத நாள்

அடுத்த வருடம் ஃபிஸ்டுலாவில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் தொற்று வந்தது, பத்து நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபிறகு சித்தப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நாங்கள் போன தடவை போலத்தான் என்று நினைத்தோம். அதே கேள்விகளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பதாகச் சித்தி சொன்னார். "உங்களையெல்லாம் சிரமப்படுத்துறேன், நான் இருக்கக்கூடாது" என்று ஒருநாள் சொன்னார். பேத்தி வரைந்த படத்தை நீட்டினாள், பார்க்கக்கூட இல்லை.

ஏழு வாரம் வீணாக்கினோம். அந்தத் தப்பு எங்களுடையது, இன்றைக்கும் உறுத்துகிறது. டயாலிசிஸ் அறை சிஸ்டர்தான் சொன்னார்: "இவரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு, கவனிச்சீங்களா?"

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். டாக்டர் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ படிவத்தை நிரப்பினார், தைராய்டும் ரத்த அளவும் பார்த்தார், சாகவேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அப்படி இல்லை, கேட்டதும் சித்தப்பா முகத்தில் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. செர்ட்ராலின் 25 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு கூட்டினார். முதல் வாரம் குமட்டல். மூன்றாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரத்தில், ஊசி போட வந்த சிஸ்டரைப் பார்த்து, "உங்க கோட்டு ஓரம் பிரிஞ்சிருக்கு, கொண்டாங்க தச்சுத் தரேன்" என்றார்.

போதும் என்ற சொல்லில் மூன்றாவது ஒரு வகையும் உண்டு. தெளிந்த மனத்தோடு, வலியையும் பயனையும் எடைபோட்டு, டயாலிசிஸை நிறுத்த விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனச்சோர்வும் இல்லை, மனசும் விட்டுப்போகவில்லை. ஆனால் அந்த முடிவை மதிப்பதற்கு முன்னால் மற்ற இரண்டும் இல்லை என்று பார்த்துவிடவேண்டும். இருந்தால் சரிசெய்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். வலி, மூச்சுத்திணறலுக்கான வலிதணிப்புச் சிகிச்சை டாக்டரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்வது நல்லது.

எங்கே போவது, எதை முதலில் எடுப்பது

எல்லாவற்றையும் இணைத்துச் செய்வதுதான் சிறந்தது என்பது என் எண்ணம். அதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னை, டெல்லி, விசாகப்பட்டினம், பெங்களூரு ஆகிய நகரங்களின் நான்கு சர்க்கரை நோய் மையங்களில், மனச்சோர்வும் இருந்த 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. டாக்டர் அல்லாத ஒரு பராமரிப்பாளர் நோயாளியைத் தொடர்ந்து பின்பற்றுவார், மனநல டாக்டரும் சர்க்கரை டாக்டரும் சேர்ந்து அவருடைய நிலையைப் பார்த்து மருந்தை மாற்றுவார்கள். வழக்கமான சிகிச்சையைவிட இதில் மனச்சோர்வும் உடல் அளவுகளும் சேர்ந்தே மேம்பட்டன. எல்லா டயாலிசிஸ் மையத்திலும் இப்படி ஒருவர் இருந்தால் எங்களுடைய அந்த ஏழு வாரம் வீணாகியிருக்காது.

அது வரும்வரை குடும்பத்தில் ஒருவர்தான் அந்தப் பராமரிப்பாளர். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், மனநலத்துக்கு மாவட்ட அரசு மருத்துவமனைக்கே போகலாம், மருந்து இலவசம். தனியாரில் ஒவ்வொரு அமர்வுக்கும் பணம், வாரம் மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்ட குடும்பத்துக்கு நேரமும் பணம்தான். அதனால் பேச்சு சிகிச்சையை டயாலிசிஸ் நேரத்திலேயே போனில் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஆளைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகளைக் கைக்கெட்டாமல் வையுங்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

முன்பே ஒருமுறை மனச்சோர்வு வந்தவரா, சிரிப்பே நின்றுவிட்டதா, குற்றவுணர்வில் உழல்கிறாரா? நான் என்றால் முதலில் மாத்திரை, கூடவே பேச்சு. பேத்தி வந்தால் சிரிக்கிறார், நாளையைத்தான் பார்க்க முடியவில்லை என்றால் முதலில் பேச்சு, குழப்பத்தைத் தீர்ப்பது, கையில் ஒரு வேலை; மாத்திரைக்கு ஒரு தேதி குறித்து வைத்துக்கொள்வேன். எது என்று பிரிக்கத் தெரியவில்லை என்றால் மனநல டாக்டரிடம் காட்டிவிடுவேன். மாத்திரை தேவையில்லை என்று சொல்வதும் அவர் வேலைதான்.

சித்தப்பா மாத்திரை எடுக்க ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆகிறது. மெல்லக் குறைத்துப் பார்க்கலாமா என்று போன மாதம் டாக்டர் கேட்டார். ஜாக்கெட் ஆர்டர் இருபத்திரண்டு இருக்கிறது, தீபாவளி முடியட்டும் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார்.